இருபது அடிக்கு ஒரு ராடு

பல் டாக்டர்தான் சீட்டு எழுதிக் கொடுத்தார்.
கடைவாயில் ரெண்டு பல் தேய்ந்து பாதியாகிவிட்டது,
இனி இது பல்லோட வியாதியில்லை என்றார்.
வீட்டில் கோகிலாமணி சொல்வாள்:
ராத்திரி ரெண்டு மணியானா
கட்டில் மேலயே ரிக் ஓடுதுங்க.

ஈரோடு, பெருந்துறை ரோடு,
மருந்துக்கடைக்கு மேல் மாடி.
சங்கிலியில் கடிகாரத்தை ஆட்டுவார்கள்,
கோழியாட்டம் கொக்கரிக்க வைப்பார்கள்,
ஏடிஎம் நம்பர் வரைக்கும் கறந்துவிடுவார்கள் என்று
திருச்செங்கோட்டு டீக்கடையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.
அறையில் கடிகாரமே இல்லை.
சாய்வு நாற்காலி, கொஞ்சம் முனகும் ஃபேன்,
மெஹருன்னிசா மேடம் மடியில்
ஒரு கோடு போட்ட நோட்டு.

"தூங்க மாட்டீங்க" என்றார் எடுத்ததும்.
"கீழ ஆட்டோ ஹாரன் கேக்கும், என் குரலும் கேக்கும்.
எந்திரிக்கணும்னு தோணினா எந்திரிச்சுப் போயிடலாம்.
நீங்க சொல்ல வேண்டாம்னு நெனைக்கிறதைச்
சொல்ல வைக்க எனக்குத் தெரியாது.
சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது.
பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காந்து
எறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போயிருக்கீங்களா?
கிட்டத்தட்ட அதுதான் இது."

போயிருக்கேனுங்.
சங்ககிரியில் இறங்க வேண்டியவன்
பவானி வரைக்கும்.

கண்ணை மூடினேன்.
கீழே போக பத்துப் படி இருக்கு, ஒவ்வொண்ணா எறங்குங்க.
"படி வரலீங் மேடம். ராடுதான் வருது."
அவர் சிரிக்கவில்லை.
"ஒரு ராடு எத்தனை அடி?"
"இருபதுங்."
"அப்ப மூச்சுக்கு ஒரு ராடு எறக்குங்க."

முதல் ராடில் செம்மண். தோள் தளர்ந்தது.
மூணாவதில் ஓடக்கல், பொறுபொறுவென்று.
ஏழாவதில் என் கை யாருடையதோ மாதிரி கிடந்தது.
தூக்கலாம். தூக்கத் தோணவில்லை.
கருங்கல் ஆரம்பித்தது. ஹார்ன் கேட்டது. ஃபேன் கேட்டது.
பதினைந்தாவதில்
நான் வர நினைக்காத தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

வெள்ளகோயிலுக்குத் தெற்கே, நாச்சிமுத்து தோட்டம்.
முந்நூறு அடி தாண்டினால் அடிக்கு ரேட் கூடும்.
குழிவாயில் புகை மாவாட்டம் பறந்தது,
ஈரம் துளியில்லை. எனக்குத் தெரியும்.
"இன்னும் ரெண்டு ராடு போட்டுப் பாக்கலாங்களா?"
என்று ஒவ்வொரு தடவையும் அவர்தான் கேட்டார்.
ஒவ்வொரு தடவையும் நான் தலையை ஆட்டினேன்.
வாயைத் திறக்கவில்லை.
நாற்பத்தொரு ராடு. எண்ணூற்று இருபது அடி.
பணத்தை எண்ணிக் கொடுத்த அந்தம்மா காதில்
தோடு இருந்த இடத்தில் ஈர்க்குச்சி.

மேடம் எங்கே நிற்கிறேன் என்று கேட்கவில்லை.
"தாடை எப்படி இருக்கு, பாருங்க."
அவ்வளவுதான்.
தேடிப் பார்த்தேன். அந்தக் குழிக்குள்தான் இருந்தது,
கல்லைக் கவ்விக்கொண்டு.

எப்போது விட்டது என்று தெரியவில்லை.
ஞானம் ஒன்றும் பொங்கவில்லை.
எச்சில் வழிந்து சட்டைக் காலர் நனைந்திருந்தது.
டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்தார்.
இறக்கிய ராடையெல்லாம் ஏற்றித்தானே ஆகணும்,
அதற்கும் அவரே எண்ணினார், அவசரப்படாமல்.

முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.
எனக்குப் பத்து நிமிஷம்தான்.
வந்த வேகத்தில் கேட்டேன்,
"இன்னொரு பத்து ராடு போட்டுப் பாக்கலாங்களா மேடம்?
காசு சேத்து வாங்கிக்குங்க."
"வேண்டாங்க" என்றார்.
"இன்னைக்கு இது போதும்."

நோட்டில் தேதி எழுதினார்.
வியாழக்கிழமை வரணும், அப்புறம் இன்னும் ரெண்டு தடவை.
ராத்திரி படுக்கும்போது கேட்க
போனில் ஏழு நிமிஷம் அவர் குரல்.
லாரி ஓட்டும்போது கேட்கவே கூடாது.
படியில் இறங்கினேன். எண்ணிப் பார்த்தால்
பதினெட்டு இருந்தது.

காலையில் கோகிலாமணி
காபியை வைத்துவிட்டுச் சொன்னாள்:
நேத்தும் ஓடுச்சுங்க.
ஆனா மூணரைக்குத்தான் ஸ்டார்ட் பண்ணுனீங்க.

போனில் அந்த நம்பர் இன்னும் கிடக்கிறது,
'வெள்ளகோயில் டிரை போர்' என்று பதிந்தது.
பேரை மட்டும்
நாச்சிமுத்து என்று மாற்றி வைத்தேன்.